ஆற்றில் போட்டாலும் அளந்து போட: கொடுப்பதற்கு முன் போய்ப் பார்த்து வருவது எப்படி

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அதன் பத்தாம் நாள், நங்கநல்லூரில் எங்கள் தெருவில் சேர்ந்த பழைய துணி மூட்டைகளை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு நாங்கள் ஐந்து பேர் நாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டோம். ஊர் நெருங்க நெருங்க, எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் இறக்கிவிட்டுப் போன துணிகள் சாலையின் இரு ஓரத்திலும் குவியல் குவியலாகச் சேற்றில் கிடந்தன. ஒரு குவியலின் மேல் ஜரிகைக் கரை வைத்த சிறுமியின் பட்டுப்பாவாடை ஒன்று இருந்தது. அதன் நாடாவை ஓர் ஆடு மென்றுகொண்டிருந்தது. வீட்டையும் வலையையும் கடலுக்குப் பறிகொடுத்திருந்த அந்த மீனவக் குடும்பங்கள், பிறர் உடுத்திக் கழித்த துணியைத் தொட மறுத்திருந்தார்கள். "உடுத்தத் துணி இல்லேன்னு நாங்க யார்கிட்டயும் சொல்லலையே தம்பி" என்றார் ஒரு பெரியவர். மூட்டைகளை இறக்காமலே திரும்பினோம். டெம்போ வாடகைக்கும் டீசலுக்கும் கொடுத்த பணத்தில் சில குடும்பங்களுக்கு வலை பின்ன நூலாவது வாங்கித் தந்திருக்கலாம் என்ற எண்ணம் திரும்பி வரும் வழியெல்லாம் எங்களை அரித்தது.

அதன் பிறகு எங்கள் எட்டுக் குடும்பங்கள் ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி, அதை யாருக்குக் கொடுப்பது என்பதைப் போய்ப் பார்த்து, விசாரித்து முடிவு செய்கின்றன. முதலில் தமிழ்நாட்டுக்குள் சுற்றினோம்; பிறகு ராஜஸ்தான், இலங்கை, வங்கதேசம், கென்யா என்று வட்டம் விரிந்தது. போய்ப் பார்ப்பதும் நம்மை ஏமாற்றும் என்பதைக் கற்றுக்கொள்ள எங்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. எங்களைப் போலவே ஏழை நாடுகளுக்குச் சென்று நேரில் அறிந்து கொடுக்க விரும்புவோர் அந்த ஆண்டுகளை மிச்சப்படுத்திக்கொள்ளலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

போகத்தான் வேண்டுமா?

முதலில் கணக்கைப் பாருங்கள். சென்னையிலிருந்து நைரோபிக்குப் போய் இரண்டு வாரம் தங்கித் திரும்பினால் ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் எளிதில் தாண்டிவிடும். நீங்கள் ஆண்டுக்குக் கொடுப்பது இருபதாயிரம் ரூபாய் என்றால் அந்தப் பயணம் கொடையை விழுங்கிவிடும். வீட்டிலிருந்தே அறிக்கைகளைப் படித்துவிட்டுக் கொடுப்பதுதான் சரி. நாங்கள் வைத்துக்கொண்டிருக்கும் வரம்பு இது: பயணச் செலவு, அடுத்த ஐந்தாண்டுகளில் கொடுக்க நினைத்திருக்கும் மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதையும் கொடைக் கணக்கில் எழுதக் கூடாது. அது நம் படிப்புச் செலவு. பலர் சேர்ந்து கொடுத்தால் எல்லோரும் போக வேண்டியதில்லை. இருவர் போய் வந்து மற்றவர்களுக்கு எழுத்தில் சொன்னால் போதும்.

ஒரு பயணம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதையும் முன்பே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு திட்டம் பலன் தருகிறதா என்பதை ஒரு வாரத்தில் கண்ணால் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. உதவி பெற்றவர் நம் முன்னால் நிற்கிறார். உதவி வராமலிருந்தால் அவர் எப்படி இருந்திருப்பார் என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. மழை நன்றாகப் பெய்ததால் மாடு கொழுத்திருக்கலாம், அண்ணன் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பியதால் கூரை மாறியிருக்கலாம். பயணம் சொல்லக்கூடியவை வேறு: திட்டம் எந்தக் கைகளின் வழியாக நடக்கிறது, எந்த இடத்தில் நழுவுகிறது, அங்கே வாழ்பவர்கள் எதைப் பெரிதாக நினைக்கிறார்கள். இந்த வேறுபாடு பிடிபட, விமானம் ஏறுவதற்கு முன் சென்னையிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

சேத்துப்பட்டில் ஒரு நாள்

சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1956-இல் அது ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது. அந்தக் காலத்தில் காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்து, நல்ல உணவும் ஓய்வும் காற்றும் கொடுத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று மருத்துவ உலகம் நம்பியது. நோயாளிகள் இருந்த அளவுக்குப் படுக்கைகள் நாட்டில் இல்லை. மையத்தின் ஆய்வாளர்கள், சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை நெரிசலான அவர்கள் வீடுகளிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவும், வீட்டிலிருந்த உறவினருக்குக் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை என்று பின்னர் தெரிந்ததும், உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றின.

அன்று ஒரு கொடையாளி சானடோரியத்தைப் பார்வையிட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். வெள்ளை விரிப்பும் செவிலியரும் தேறிவரும் முகங்களும் அவரை மகிழ்வித்திருக்கும். இன்னும் நூறு படுக்கைக்குப் பணம் தந்துவிட்டு மனநிறைவோடு வீடு திரும்பியிருப்பார். படுக்கையைவிட மருந்துதான் தேவை என்பதை இரு பிரிவையும் ஒப்பிட்ட எண்களே சொல்லின. இதே ஒப்பீட்டு முறையை வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்குக் கொண்டுவந்ததற்காகத்தான் 2019-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ, மைக்கேல் கிரெமர் ஆகிய மூவருக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. பானர்ஜியும் டூஃப்ளோவும் 2003-இல் தொடங்கிய ஜே-பால் ஆய்வு மையம் 2014 முதல் தமிழக அரசோடு சேர்ந்து பணியாற்றுகிறது. அதன் ஆய்வுச் சுருக்கங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. போகப்போகும் நாட்டைப் பற்றியும் பார்க்கப்போகும் திட்ட வகையைப் பற்றியும் குறைந்தது பத்துச் சுருக்கங்களையாவது படித்துவிட்டுப் போங்கள். படிக்காமல் போனால் பார்ப்பதெல்லாம் நல்லதாகவே தெரியும்.

எங்கே போவது

தமிழர்களுக்கு முதல் வெளிநாட்டுப் படிப்பிடமாக இலங்கையின் வடக்கையும் கிழக்கையும் சொல்வேன். பயணச் செலவு குறைவு. அதைவிட முக்கியமானது மொழி. மொழிபெயர்ப்பாளர் நடுவில் இல்லாமல் ஒரு பெண்மணியிடம் அரை மணி நேரம் பேசுவதால் கிடைப்பது, மொழிபெயர்ப்போடு இரண்டு நாள் பேசினாலும் கிடைக்காது. கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு வீட்டின் முன் அறையில் மூன்று தையல் இயந்திரங்களைப் பார்த்தேன். ஒன்றின் பாலித்தீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. இன்னொன்றின் மேல் பள்ளிக்கூடப் பையும் தண்ணீர்ப் போத்தலும் இருந்தன. அந்த அம்மா சிரிக்காமல், குறைசொல்லும் தொனியும் இல்லாமல் சொன்னார்: "மூண்டு மிசினும் மூண்டு வேற ஆக்கள் தந்தவை ஐயா. தைக்கக் குடுக்க இஞ்ச ஆக்கள் இருக்கினமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை." போர் முடிந்த பிறகு எத்தனையோ அமைப்புகள் கணவரை இழந்த பெண்களுக்குத் தையல் இயந்திரம் கொடுத்தன. ஊருக்கு ஒரு தையல்காரர் போதும், தெருவுக்கு மூவர் தேவையில்லை என்பதை அந்த ஒரு வாக்கியம் எனக்கு விளக்கியது.

அதே இலங்கை இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. 1963-இல் அங்கே ஆண்டு முழுவதற்கும் பதிவான மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். வெற்றி கிடைத்துவிட்டதென்று மருந்து தெளிப்பை நிறுத்தினார்கள். 1960-களின் முடிவில் நோய் லட்சக்கணக்கானோரைத் தாக்கியது. பல்லாண்டு உழைப்புக்குப் பிறகு 2016-இல்தான் மலேரியா இல்லாத நாடு என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று அதற்குக் கிடைத்தது. நோய் இல்லாத இடத்தில் நடக்கும் கண்காணிப்புப் பணி பார்ப்பதற்குச் சுவாரசியமற்றது. அதற்குப் பணம் கேட்பவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க இந்தக் கதை என்னைப் பழக்கியது.

வங்கதேசத்தில் கற்க வேண்டியது பரப்பும் கலை. 1972-இல் ஃபஸ்லே ஹசன் அபேத் தொடங்கிய பிராக் நிறுவனம், 1980 முதல் பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்குப் பெண் பணியாளர்களை அனுப்பி, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் செய்யத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்பதே செய்முறை. அந்தப் பணியாளர்களுக்கு ஊதியம் எத்தனை வீடு ஏறினார்கள் என்பதை வைத்துக் கணக்கிடப்படவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்துச் சென்று, தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கரைக்கிறாரா என்று சோதித்து, அதற்கேற்பவே ஊதியம் தரப்பட்டது. ஒரு நிறுவனம் தன்னைத்தானே எப்படிச் சோதித்துக்கொள்கிறது என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு இதைப் படித்த பிறகே வந்தது.

நாட்டுக்குள்ளேயே என்றால் உதய்ப்பூர். அங்கே சேவா மந்திர் என்ற அமைப்பு ஊரகங்களில் தடுப்பூசி முகாம்களை நம்பகமாக மாதந்தோறும் நடத்தியது. சில ஊர்களில் கூடுதலாக ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்தால் ஒரு தட்டு செட்டும் கொடுத்தது. முகாமே இல்லாத ஊர்களில் 6 விழுக்காடு குழந்தைகளுக்கும், முகாம் மட்டும் நடந்த ஊர்களில் 18 விழுக்காட்டுக்கும், பருப்பும் தட்டும் சேர்ந்த ஊர்களில் 39 விழுக்காட்டுக்கும் தடுப்பூசி முழுமையாகப் போடப்பட்டிருந்தது. பருப்புக்குச் செலவானது உண்மைதான். ஆனால் செவிலியர் சும்மா உட்கார்ந்திருக்காமல் நாள் முழுவதும் ஊசி போட்டதால், ஒரு குழந்தைக்கு ஆன செலவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. சத்துணவு போட்டால் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள் என்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

மேற்குக் கென்யாவைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அங்கே போவதென்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இங்கே விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்திவிடுவார்கள். மலேரியா மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நுழைவு அனுமதி விதிகள் அடிக்கடி மாறுவதால் பயணச்சீட்டு எடுக்கும் நாளன்று தூதரக இணையதளத்தையே பாருங்கள். சுற்றுலா அனுமதியில் போய்த் தொண்டுப் பணி செய்வது பல நாடுகளில் சட்ட மீறல்.

முகதாட்சண்யம் என்னும் திரை

அதிகாரி வருகிறார் என்றால் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பதும், சரியாகப் பதில் சொல்லும் பிள்ளையை முதல் வரிசையில் உட்கார வைப்பதும் நமக்குப் புதிதல்ல. விருந்தாளியின் மனம் நோகக் கூடாது என்பது ஏழை வீடுகளில் இன்னும் கூடுதலாகவே மதிக்கப்படும் ஒழுக்கம். கொடுப்பவராக வந்திருப்பவரிடம் "நீங்கள் தந்தது உதவவில்லை" என்று எவரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் ஒரு காலத்தில் ராட்டினத்தோடு இணைத்த நீரேற்றி ஒன்று பெரும் பாராட்டைப் பெற்றது. குழந்தைகள் சுற்றி விளையாடினால் தண்ணீர் மேலேறும் என்பது யோசனை. பார்வையாளர் வந்தபோது குழந்தைகள் உற்சாகமாகச் சுற்றினார்கள். மற்ற நாள்களில் வயதான பெண்கள்தான் அந்தக் கனமான ராட்டினத்தைத் தள்ளித் தள்ளித் தண்ணீர் எடுத்தார்கள். பழைய கைப்பம்பே மேல் என்று பலர் சொன்னது வெளியே வரக் காலமாயிற்று. களத்தில் நீங்கள் செய்யும் வேலையெல்லாம் இந்த முகதாட்சண்யத் திரையை மரியாதை குறையாமல் விலக்குவதுதான்.

கென்யாவில் புசியா வட்டாரம் உகாண்டா எல்லையை ஒட்டியது. 1998 முதல் அங்கே 75 பள்ளிகளில் குடற்புழு மாத்திரை கொடுத்து மைக்கேல் கிரெமரும் எட்வர்ட் மிகுவலும் நடத்திய ஆய்வில், மாணவர்கள் பள்ளிக்கு வராமலிருப்பது கால் பங்கு குறைந்தது. தேர்வு மதிப்பெண்ணில் முன்னேற்றம் தெரியவில்லை என்பதையும் அவர்களே எழுதினார்கள். நம் பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளன்று கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரைக்கும் இந்த ஆய்வுக்கும் தொடர்பு உண்டு. அதே வட்டாரத்து ஊற்றுகளின் அருகே நீல நிறக் குளோரின் பெட்டிகள் நிற்பதைப் பார்த்தோம். குடிநீர் எடுக்க வருபவர் இருபது லிட்டர் மஞ்சள் கேனை அதன் கீழ் வைத்துக் குமிழை ஒரு முறை திருகினால் சரியான அளவு குளோரின் விழும். பிறகு ஊற்றில் நீரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிற நேரத்தில் கிருமிகள் செத்துவிடும்.

முதல் நாள், பெட்டிகளைப் பராமரிக்கும் அமைப்பின் களப்பணியாளரோடு போனோம். வந்த பெண்கள் அத்தனை பேரும் குமிழைத் திருகினார்கள். அடுத்த நாள் விடியற்காலை, ஊர்ப் பெரியவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, உடன் யாரும் இல்லாமல் வேறோர் ஊற்றுக்குப் போய்ச் சற்றுத் தள்ளி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். சிலர் திருகினார்கள், சிலர் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே ஊற்றுக்குப் போனார்கள். ஒரு பாட்டிக்குக் குளோரின் வாடை பிடிக்கவில்லையாம். மதியம் அலுவலகத்துக்குப் போய் இதைத் தயக்கத்தோடு சொன்னபோது அங்கிருந்தவர்கள் திடுக்கிடவில்லை. எல்லோரும் பயன்படுத்துவதில்லை என்பது தங்களுக்குத் தெரியும் என்றும், யாரிடமும் "பயன்படுத்துகிறீர்களா" என்று கேட்டு எழுதுவதை நம்புவதில்லை என்றும் சொன்னார்கள். முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குப் போய்ப் பானையிலிருந்து ஒரு குப்பி நீர் எடுத்து, அதில் சோதனைப் பொடியைப் போடுகிறார்கள். குளோரின் இருந்தால் நீர் இளஞ்சிவப்பாகிறது. தண்ணீருக்கு முகதாட்சண்யம் கிடையாது. அந்தச் சிறு குப்பியைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்த கணத்தில், முதல் நாள் நாங்கள் கண்டது எவ்வளவு பொருளற்றது என்பது எனக்கு விளங்கியது. அந்த அமைப்பின் மேல் மதிப்பு கூடியதும் அப்போதுதான்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். அமைப்பு காட்டும் ஊரைப் பார்த்துவிட்டு, அவர்களின் ஊர்ப் பட்டியலை வாங்கி, அதிலிருந்து நீங்களே ஒரு ஊரைச் சொல்லி "நாளைக்கு இங்கே போகலாமா" என்று கேளுங்கள். திட்டம் இன்னும் வராத பக்கத்து ஊருக்கும் கட்டாயம் போங்கள். அது உங்கள் ஒப்பீட்டு ஊர். மொழிபெயர்ப்பாளரை நீங்களே தனியாக அமர்த்திக்கொள்ளுங்கள், உள்ளூர்க் கல்லூரி மாணவர் ஒருவர் போதும். அமைப்பின் பணியாளரே மொழிபெயர்த்தால், ஊர்க்காரர் தம் பதிலை அவருக்குச் சொல்வார், உங்களுக்குச் சொல்ல மாட்டார். "திட்டம் உதவியாக இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், விடை எப்போதும் "ஆம்" என்றுதான் வரும். "நேற்றுக் காலை எழுந்தது முதல் என்ன செய்தீர்கள்" என்று கேளுங்கள், "போன மாதம் எதற்குக் கடன் வாங்கினீர்கள்" என்று கேளுங்கள். பதிவேடு இருந்தால் மூன்று மாதப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ஒரு மாதம் முழுவதும் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில், அடித்தல் திருத்தம் இன்றி வருகை குறிக்கப்பட்டிருந்தால், அது ஒரே மாலையில் உட்கார்ந்து எழுதியது. கறையும் கிறுக்கலும் விடுபட்ட நாள்களும் உள்ள பதிவேட்டைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், உண்மையான வேலை அப்படித்தான் இருக்கும்.

நிர்வாகிகளிடம் நாங்கள் தவறாமல் கேட்பவை மூன்று. கடைசியாக எந்தத் திட்டத்தை, ஏன் நிறுத்தினீர்கள்? அடுத்த ஆண்டு உங்களுக்கு வரும் பணம் இரட்டிப்பானால் எது முதலில் தடையாகும்? இந்தத் தொகையை அந்தக் குடும்பங்களின் கையில் அப்படியே கொடுத்தால் அவர்கள் இதைவிட நன்றாகச் செலவிட மாட்டார்களா? மூன்றாவது கேள்வி பலருக்குக் கோபம் வரவழைக்கும். ஆனால் அது விளையாட்டுக் கேள்வி அல்ல. மேற்குக் கென்யாவில் கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு கைபேசி வழியே நிபந்தனையின்றிப் பணம் அனுப்பியதை ஆராய்ந்தபோது, மக்கள் ஓலைக் கூரையைத் தகரமாக மாற்றினார்கள், கால்நடை வாங்கினார்கள், உணவுக்குச் செலவிட்டார்கள். மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை. கையில் பணமாகக் கொடுப்பதைவிடத் தங்கள் திட்டம் ஏன் மேலானது என்று நிதானமாக விளக்கக்கூடியவரிடம் பேசுவது ஒரு தனி மகிழ்ச்சி. குடற்புழு மாத்திரையையோ தடுப்பூசியையோ ஒரு குடும்பம் தானே சந்தையில் அமைத்துக்கொள்ள முடியாது என்பார் அவர். தையல் இயந்திரத்தை வாங்கித் தருபவரிடம் அப்படி ஒரு விடை பெரும்பாலும் இராது.

சில விலக்குகளையும் சொல்லிவிட வேண்டும். அநாதை இல்லங்களுக்குப் பயணியாகப் போகாதீர்கள், குழந்தைகளோடு விளையாடப் பணம் கொடுக்காதீர்கள். கம்போடியாவில் சுற்றுலா பெருகப் பெருக இல்லங்களும் பெருகின; அவற்றில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். அன்போடு நாம் நீட்டும் பணமே பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கும் காரணமாகிவிடுகிறது. இதைவிடக் கொடிய கொடை எனக்குத் தெரியாது. வழியில் மிட்டாயும் பேனாவும் வீசாதீர்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எந்த வீட்டிலும் "பார்க்கலாம்" என்றுகூடச் சொல்லாதீர்கள். நமக்கு அது தட்டிக்கழிக்கும் சொல், அவர்களுக்கு வாக்குறுதி. உங்களைக் கூட்டிப்போகும் களப்பணியாளரின் ஒரு நாள் வேலை உங்களால் கெடுகிறது என்பதால், அந்த நாளின் செலவைக் கேட்டு அமைப்புக்குக் கட்டிவிடுங்கள். அதைக் கொடை முடிவோடு சேர்க்க வேண்டாம்.

குறிப்பேடும் காலண்டரும்

ஒவ்வோர் இரவும் தூங்கும் முன் குறிப்பேட்டில் மூன்று பத்திகளில் எழுதுங்கள்: கண்டது, கேட்டது, ஊகித்தது. "ஊர் முழுவதும் சுத்தமான நீர் குடிக்கிறது" என்பது ஊகம். "நான் நின்ற நேரத்தில் ஏழு பேர் குமிழைத் திருகினார்கள்" என்பது கண்டது. முதல் பயணத்தில் எங்கள் குறிப்புகளில் முக்கால்வாசி மூன்றாம் பத்தியில் போய் விழுந்தன.

களத்தில் ஒரு பைசாவும் தருவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். திரும்பி வந்து முப்பது நாள் கழித்தே முடிவெடுங்கள். கண்ணீரோடு கையைப் பிடித்துக்கொண்ட முகம் அதற்குள் மறக்காது, மறக்கவும் வேண்டாம்; ஆனால் அந்த முகத்துக்குப் பக்கத்தில் எண்களும் உட்கார இடம் கிடைக்கும். அந்த மாதத்தில் எளிய கணக்கு ஒன்றைப் போடுங்கள்: அமைப்பின் ஓராண்டு மொத்தச் செலவை, சம்பளமும் வாடகையும் உட்பட, உண்மையில் பலன் பெற்றவர் எண்ணிக்கையால் வகுங்கள். மாத்திரை விநியோகித்த எண்ணிக்கையை எடுக்காதீர்கள், விழுங்கிய எண்ணிக்கையைக் கேளுங்கள். நிர்வாகச் செலவு எத்தனை விழுக்காடு என்று மட்டும் பார்ப்பது நம்மிடம் உள்ள பழைய வழக்கம். பானைத் தண்ணீரைச் சோதிக்கப் போகும் பணியாளரின் சம்பளமும் நிர்வாகச் செலவுதான் என்பதை அறிந்த பிறகு நாங்கள் அதை விட்டுவிட்டோம்.

பணம் அனுப்பும் நடைமுறை எளிது. வெளிநாட்டு அமைப்புக்கு ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் உங்கள் வங்கி வழியே அனுப்பலாம். 80ஜி என்று நமக்குப் பழக்கமான வரிச்சலுகை அதற்குக் கிடையாது. இந்திய அமைப்புக்கு என்றால் அந்த வரிச்சலுகைக்கான பதிவு இருக்கிறதா என்று பார்த்து, இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தராமல், ரசீதோடு வரிச்சலுகைக்கான கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

கொடுப்பதில்லை என்று முடிவானால் மௌனமாக இருந்துவிடாதீர்கள். ஒரு பக்கக் கடிதத்தில் எதைப் பார்த்தோம், எது விளங்கவில்லை, எந்த எண் கிடைத்திருந்தால் கொடுத்திருப்போம் என்று எழுதுங்கள். நாங்கள் எழுதிய அப்படிப்பட்ட கடிதங்களில் ஒன்றுக்கு எட்டு மாதம் கழித்து, நாங்கள் கேட்ட எண்ணோடு பதில் வந்தது. அந்த ஆண்டு எங்கள் தொகையில் பெரும்பங்கு அவர்களுக்கே போனது. கொடுத்த அமைப்புகளிடம் அடுத்த அளவீடு எந்த மாதத்தில் என்று கேட்டு, வீட்டுக் காலண்டரில் அந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைக்கிறோம். இந்த ஆண்டுக் காலண்டரில் அப்படி நான்கு குறிகள் இருக்கின்றன. அடுத்தது ஆடி பதினெட்டுக்கு மறுநாள்.